மாடு உதைத்த எழுத்து

என் அண்ணன் முக்லிஸ் ஒரு பொருளைப் புத்தம் புதிதாகச் செய்வான். பிறகு பொறுமையாக உட்கார்ந்து அதைக் கெடுப்பான். நன்றாகக் கெட்டுவிட்டது என்று திருப்தியானதும் விற்றுவிடுவான். இதுதான் அவன் பிழைப்பு.

அந்தப் பொருள் எழுத்து. ஏ முதல் இசட் வரை, பெரியது சின்னது, எண்கள், கேள்விக்குறி எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். ரொட்டிக்கடைப் பலகை, காப்பிப் பொட்டலம், ஊறுகாய் ஜாடி, முடிவெட்டும் கடைக் கண்ணாடி, இவற்றின் மேல் பெரிதாகப் போடுகிற எழுத்து. கோடு முடிகிற இடமெல்லாம் சின்னதாகப் பாதம் வைத்து நிற்கும். நூறு வருஷம் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த மாதிரி அங்கங்கே மை விட்டுப்போய், ஓரம் நொறுங்கி இருக்கும். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் கடை திறக்கிறார். கடைக்கு வயது மூன்று நாள். பலகை மட்டும் முப்பாட்டன் காலத்தது போல இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசைக்குத் தீனி போடுகிறவன் சும்பிங் மலைச் சரிவில், கோஸ் வயல்களுக்கு நடுவில், கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓரம் உடைந்தது என்பதைத்தான் எங்கள் பேச்சில் சும்பிங் என்கிறோம். மலையே அப்படி நிற்கும்போது எழுத்து மட்டும் ஏன் ஒழுங்காக நிற்க வேண்டும் என்பான்.

எங்கள் கெடுங்சாரி எண்பது வீட்டு ஊர். எண்பது வீட்டிலும் கோஸ், வெங்காயத்தாள், புகையிலை என்று கையில் தூக்கிக் காட்டக்கூடியதைத்தான் விளைவிக்கிறார்கள். அப்பா கலிமந்தானில் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பெருநாளுக்கு வருவார், அதற்குப் பிறகு பத்து நாளில் போய்விடுவார். அதனால் வீட்டில் பேச்சு முழுக்க அம்மா. மீதி நான். அண்ணனுக்குப் பேச்சு மிஞ்சாது.

எட்டு வயதில் அவன் செய்த முதல் குற்றத்தை ஊர் இன்னும் சொல்லிக் காட்டும். கஸ்மி அக்கா கடையின் தகரப் பலகையில் இருந்த எழுத்துகளுக்கெல்லாம் அடுப்புக்கரியால் பாதம் வரைந்துவிட்டான். "எழுத்து சறுக்குற மாதிரி நின்னுச்சுக்கா, அதான்" என்றானாம். கஸ்மி அக்கா தேங்காய் நார் போட்டுத் தேய்த்தும் இரண்டு எழுத்தின் பாதம் போகவில்லை. இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

மகெலாங் தொழிற்பள்ளியில் மோட்டார் மெக்கானிக் படித்தான். படித்தது ஸ்பானர், பழகியது தூரிகை. லாரிப் பின்கதவுகளில் படம் போட்டான். பிறகு ரோட்டோரச் சாப்பாட்டுக் கடைகளுக்குத் துணித்திரை எழுதுகிறவரிடம் மூன்று வருஷம் இருந்தான். அவன் வரைந்த கெளுத்தி மீன் சிரிக்குமாம். சிரிக்கிற மீனைத் தின்ன மனசு வரவில்லை என்று கடைக்காரர்கள் புகார் சொல்ல, இனிமேல் எழுத்து மட்டும் எழுது என்று முதலாளி சொல்லிவிட்டார். அவன் சந்தோஷமாகி விட்டான்.

பக்கத்து ஊர்களில் ஏழெட்டுப் பேர் கணினியில் எழுத்துரு செய்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். பழைய கணினி ஒன்று வாங்கினான். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் எழுத்துக்கு ஆங்கில ஊர் மாதிரி ஒரு பெயர் வைப்பான். டிரஸ்மூர் என்று ஒன்று. அப்படி ஓர் ஊர் கிடையாது. இருந்தால் அங்கே எப்போதும் மழை பெய்யும் என்று மட்டும் சத்தியம் செய்வான்.

இந்த டிரஸ்மூர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மூன்று மாதம் உழைத்து அதை முதல்முறை அனுப்பினான். எழுத்து விற்கும் இணையக் கடை திருப்பி அனுப்பிவிட்டது. அவர்கள் எழுதியதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படித்தோம். "உங்கள் அழுக்கு உண்மையானது அல்ல" என்று வந்தது.

"அழுக்குல உண்ம பொய் வேறயா?" என்றாள் அம்மா. "என் அடுப்பங்கரைக்கு வரச் சொல்லு. அசல் சரக்கு காட்டுறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவர்கள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கணினியில் ஒரே சிராய்ப்பைச் செய்து எல்லா எழுத்துக்கும் ஒட்டியிருந்தான். எல்லார் முகத்திலும் ஒரே இடத்தில் மச்சம் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு அவன் உண்மையான தேய்மானத்தைத் தேடி ஊருக்குள் கிளம்பினான். கையில் மெல்லிய காகிதமும் பென்சில் துண்டும். எங்கே எது தேய்ந்திருக்கிறதோ அதன் மேல் காகிதத்தை வைத்து மேலாகத் தேய்ப்பான். அடியில் இருக்கிற மேடும் பள்ளமும் காகிதத்தில் ஏறிவிடும். அதை எழுத்தின் மேல் போட்டால் எழுத்து அந்த மாதிரியே தேய்ந்துவிடும். கிணற்றடியில் முட்டி போட்டுத் தேய்த்தான். பள்ளிவாசல் முரசின் கட்டையில் தேய்த்தான். நெல் குத்துகிற உரலுக்குள் தலையை விட்டுத் தேய்த்தான். ஒருநாள் மயானத்தில் யாரோ ஒருவரின் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை முன்னால் குந்தியிருந்தவனைப் பார்த்துவிட்டுக் கஸ்மி அக்கா வழியை மாற்றிக்கொண்டு போனாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குத் தேவையானது கடைசியில் பாக் ஜுமாடியின் லாரியில் கிடைத்தது.

பாக் ஜுமாடி எங்கள் சரிவின் கோஸ் முழுவதையும் செமாராங் சந்தைக்கு ஏற்றிப் போகிறவர். வயதில் பெரிய ஆண்களை எங்கள் பக்கம் பாக் என்றுதான் கூப்பிடுவோம். மஞ்சள் மூக்கு லாரி. பக்கவாட்டில் தேக்குப் பலகை. முப்பது வருஷமாகச் சங்கிலி உரசி, கூடை இடித்து, உப்பும் மழையும் குடித்து, அந்தப் பலகைகளுக்கு ஒரு முகமே வந்துவிட்டது. வலது பக்கம் நடுப்பலகையில் பிறை நிலா மாதிரி ஒரு குழி, அதன் கீழே ஓர் ஆணித்துளை. அது ரொங்கோ உதைத்தது. ரொங்கோ அவர் வளர்த்த காளை. மகளின் படிப்புக்காக அதைச் சந்தைக்கு ஏற்றிப்போன அன்று, பாலத்துத் திருப்பத்தில் ஒரே ஓர் உதை விட்டதாம். அதற்குப் பிறகு சந்தை வரைக்கும் அசையவில்லையாம். மற்றப் பலகைகளில் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறார். அந்தப் பலகையை மாற்றச் சொன்னால் தச்சரையே மாற்றிவிடுவார்.

அவர் மதியம் தூங்குகிற நேரமாகப் பார்த்துத்தான் அண்ணன் காகிதத்தோடு போனான். அங்கே கோஸ் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள் அவர் மகள் இஸ்தியானா. லாரியைத் தடவிக்கொண்டிருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம்.

"என்ன, வண்டிக்கு உடம்பு வலியா? புடிச்சு விடுறீங்க?"

"பலகையோட தேய்மானம் வேணும்."

"எவ்வளவு கிலோ?"

பலகை செங்குத்தாக நிற்பதால் காகிதம் நழுவிக்கொண்டே இருந்தது. இஸ்தி அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து மேல் ஓரம் இரண்டையும் பிடித்தாள். முதல் நாள் ஒரு தாள். மறுநாள் நாலு தாள். மூன்றாவது வாரம் அண்ணனிடம் அந்த லாரியின் தேய்மானம் நாற்பத்தேழு தாள் இருந்தது. ஒரு லாரியில் அவ்வளவு கிடையாது. எனக்கே புரிந்துவிட்டது.

டிரஸ்மூரை மறுபடி அனுப்பினான். இந்த முறை எடுத்துக்கொண்டார்கள். விற்க ஆரம்பித்தது. அப்படி இப்படி இல்லை, நன்றாக விற்றது. வீட்டுக்கு ஒரு குளிர்பெட்டி வந்தது, மோட்டார் பைக் வந்தது. வெயிலில் போகாத ஒருவன் வீட்டுக்கு, மண்வெட்டி பிடிக்காத கை உள்ளவனுக்கு.

இந்த இடத்தில் நான் வருகிறேன். வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணனுக்கு ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் "நீங்கள் நலமா" என்று எழுதியிருந்தார். அவன் தொழுகைக்குப் போயிருந்தபோது நான் அவன் கணினியில், "எழுத்துச் செய்தவர் இறந்துவிட்டார், உங்கள் அன்புக்கு நன்றி" என்று மொழிபெயர்த்துப் பதில் போட்டேன். அந்த மனிதர் ஒன்றரைப் பக்கத்துக்கு இரங்கல் எழுதிவிட்டார். நல்ல மனிதர். அண்ணன் அவருக்குத் தான் உயிரோடிருப்பதைப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. அதன்பின் இணையத்தின் கடவுச்சொல்லை மாற்றினான். அறைக்குத் தாழ்ப்பாள் போட்டான். என் கைப்பேசி வெறும் கைவிளக்காகிவிட்டது.

பழிக்குப் பழி என்று அம்மாவின் பெட்டியைக் கிளறினேன். அடியில் ஒரு குட்டி ஜட்டி கிடந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கானது. துவைத்து, அவன் அறை ஜன்னலுக்கு வெளியே, ரோட்டில் போகிறவர் கண்ணில் படும்படி கொடியில் காயப்போட்டேன்.

எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது.

குழந்தை இல்லாத வீட்டில் குட்டி ஜட்டி காய்ந்தால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் துயுல் வளர்க்கிறார்கள். மொட்டைத் தலையும் ஒரே ஒரு ஜட்டியுமாக இருக்கும் பிள்ளைப் பேய். வளர்க்கிறவனுக்காக அடுத்த வீட்டுக்குள் புகுந்து பணத்தை எடுத்து வரும். வேலைக்கே போகாமல் பணக்காரன் ஆனவனைப் பற்றி ஊர் இதைத்தான் முதலில் யோசிக்கும்.

காலையில் போட்டேன். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் எண்பது வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. கஸ்மி அக்கா மயானத்தில் பார்த்ததைச் சொன்னாள். இன்னொருத்தி கிணற்றடியில் முட்டி போட்டதைச் சொன்னாள். உரலுக்குள் அவன் யாரிடமோ பேசியதைக் கேட்டதாகவும் ஒருத்தி சொன்னாள். அவன் என்னிடமே பேச மாட்டான், உரலிடமா பேசுவான்?

துயுலுக்கு நண்டு என்றால் உயிர். நண்டைக் கண்டால் விளையாட உட்கார்ந்துவிடும், வந்த வேலையை மறந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு பேசின், பேசினில் ஓடை நண்டு. ஒரு வாரத்தில் ஓடையில் நண்டே இல்லை. கஸ்மி அக்காவின் நண்டு பேசினை விட்டு இறங்கி அவள் கால் கட்டைவிரலைக் கடித்தது. அதுவும் எங்கள் அண்ணன் கணக்கில்தான் சேர்ந்தது.

எனக்கு முதலில் வயிறு வலிக்கச் சிரிப்பு. மூன்றாம் நாள் ஜட்டியை எடுத்து ஒளித்தேன். "பாத்தியா, உள்ள கூட்டிக்கிட்டான்" என்றார்கள். அது கரித்துணி என்று கஸ்மி அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கரித்துணிக்குக் கால் ரெண்டு எதுக்குடி, திஃபா?" என்றாள்.

அந்த மாதம்தான் அம்மா அண்ணனுக்கு இஸ்தி அக்காவைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. நாள் எண்ணிப் பார்த்து, வருகிற புதன்கிழமை, எங்கள் ஐந்து நாள் சந்தைக் கணக்கில் பாஹிங் நாள் என்று முடிவாகியிருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது சூரோ மாதம். சூரோவில் யாரும் நல்ல காரியத்துக்குப் படி இறங்க மாட்டார்கள். அதற்குள் தெமாங்குங்கிலிருந்து ஒரு புகையிலை வியாபாரியின் மகன் இஸ்தி அக்காவைக் கேட்டு வரக் காத்திருந்தான்.

வியாழக்கிழமை பாக் ஜுமாடியிடமிருந்து ஆள் வந்தது. "புதன்கிழமை வர வேணாம்னு சொன்னாரு. சிரமப்பட வேணாம்னாரு." அவ்வளவுதான். எங்கள் பக்கம் கதவைச் சாத்துகிறவர்கள் இவ்வளவு மரியாதையாகத்தான் சாத்துவார்கள்.

அம்மா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "போய்ச் சொல்லுடா, உன் வேலை என்னன்னு வாயைத் தொறந்து சொல்லு!"

"என்னன்னு சொல்லும்மா?" என்றான் அண்ணன். உண்மையாகவே கேட்டான். மக்காச்சோளச் சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்து போனான். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தான். கூர்மையாக இருந்த பென்சில்களையே மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருந்தான்.

நான் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளி போனது, சனி போனது. நாளை சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். அம்மாவின் கையில் எப்போதும் ஒரு துடைப்பம் இருந்தது, அது ஒரு காரணம். நான் என்ன சொன்னாலும் இது அடுத்த விளையாட்டு என்று நினைப்பார்கள் என்பது இன்னொரு காரணம். உண்மையான காரணம் அண்ணனின் முகம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், பாக் ஜுமாடியே வந்து நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். என் பொண்ணு மூணு நாளா சாப்பிடல. உங்க மகன் என்ன வேலை பாக்குறான்னு கண்ணால பாத்துட்டுப் போறேன்." மேல்சட்டைப் பை புடைத்துக்கொண்டு அசைந்தது. உள்ளே பிளாஸ்டிக் பையில் ஒரு நண்டு. மனிதர் தற்காப்போடுதான் வந்திருந்தார்.

அண்ணன் கதவைத் திறந்து அவருக்கு நாற்காலி போட்டான். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூலை, கட்டிலடி, அலமாரி மேல். எங்கும் மொட்டைத் தலை இல்லை. காகிதங்கள், பென்சில்கள், கணினி. அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தான். அம்மா வேகவைத்த மரவள்ளியும் காப்பியும் வைத்தாள். நான் கதவோரம் நின்றேன்.

ஒரு மணி நேரம் போனது. திரையில் ஒரு 'ஜி' எழுத்தின் வால். அண்ணன் அதில் ஒரு புள்ளியைப் பிடித்து மயிரிழை நகர்த்துவான், தள்ளிப் பார்ப்பான், திருப்பி நகர்த்துவான்.

"தம்பி, நீ வேலைய ஆரம்பிச்சிட்டியா, இல்ல இன்னும் யோசனையா?"

"இதான் பாக் வேலை."

"ஓ." காப்பியைக் குடித்தார். "ஒரு எழுத்துக்கு எவ்வளவு நேரம்?"

"சில எழுத்துக்கு ஒரு நாள். 'எஸ்'ஸுக்கு ஒரு வாரம்."

"நான் ஒரு வாரத்துல மூணு நடை செமாராங் போயிட்டு வந்துருவேன்."

அப்புறம் அண்ணன் முடித்த எழுத்தைக் கெடுக்க ஆரம்பித்தான். பாக் ஜுமாடி நாற்காலியோடு முன்னால் வந்தார்.

"டேய் டேய், என்ன பண்றே? நல்லாத்தானே இருந்துச்சு!"

"தேய்மானம் வைக்கிறேன் பாக்."

"காலையில இருந்து பாத்துப் பாத்துச் செஞ்சதை நீயே நாசம் பண்றே. அழுகுன கோஸுக்குத் தனி விலை குடுக்கிறாங்களா என்ன?"

"அழுகுனதுக்குத்தான் பாக் குடுக்கிறாங்க. முழுசா இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் இருக்கவே முடியாது, ஆகவே துயுல்தான், என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எழுந்திருக்கப் போனார். சட்டைப் பையைத் தொட்டுக்கூடப் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் வேறு ஏதாவது காட்டலாம் என்று டிரஸ்மூரைத் திறந்தான். பெரிய எழுத்துகள் வரிசையாக வந்தன. பாக் ஜுமாடி வாசல் வரை போய்விட்டு, நின்று, திரும்பினார்.

"அதைக் கொஞ்சம் பெருசா காட்டு. அது, 'ஆர்'."

அண்ணன் கை அப்படியே நின்றது. பிறகு பெரிதாக்கினான். திரை முழுக்க ஒற்றை 'ஆர்'. இரண்டு பாதமும் ஊன்றி நிற்கிறது. அதன் தடித்த முதுகில் ஒரு பிறை நிலாக் குழி. கீழே ஓர் ஆணித்துளை.

பாக் ஜுமாடி கிட்டத்தில் வந்து அந்தக் குழி மேல் பெருவிரலை வைத்தார். லாரியில் ஏறுவதற்கு முன்னால் பலகையில் எப்படி வைப்பாரோ அப்படி.

"இது ரொங்கோ," என்றார்.



"என் வண்டியில இருந்து எடுத்தியா?"

"ஆமா பாக். கேக்காம எடுத்தேன். தப்புதான்." அண்ணன் எழுந்து நின்றான். "அந்தக் குழியை மட்டும் எடுத்துரலாம்னு பாத்தேன். எடுத்தா எழுத்து செத்துப்போகுது."

 அவர் கண்ணைச் சுருக்கினார். "ஒத்தையாளாவா எடுத்தே?"

"ஒத்தையாத்தான். காகிதத்து மேல கல்லு வெச்சேன்."

"நிக்கிற பலகையில கல்லு எப்புடிடா நிக்கும்?"

அண்ணன் தரையைப் பார்த்தான். அடித்தாலும் இஸ்தி அக்கா பெயர் அவன் வாயிலிருந்து வராது என்று எனக்குத் தெரியும். பாக் ஜுமாடிக்கும் தெரிந்துவிட்டது போல. தாடையைச் சொறிந்தார்.

"என் பொண்ணு, நான் கூப்பிட்டாக்கூட கோஸ் மூட்டைக்கு ஒரு ஓரம் புடிக்க மாட்டா," என்றார் மெதுவாக. "உனக்குக் காகிதம் புடிச்சிருக்கா."

திரும்ப உட்கார்ந்தார். "இதை யாரு வாங்குனா? காட்டு."

அண்ணன் ஒரு படத்தைத் திறந்தான். மழை நனைத்த ஒரு தெரு. ஒரு ரொட்டிக்கடை. கண்ணாடியில் ஓர் ஆள் உயரத்துக்கு 'ஆர்', அந்தக் கடையின் பெயரில் முதல் எழுத்து. குடை பிடித்த ஒரு பெண் அதைத் தாண்டிப் போகிறாள். அவள் தோளுக்கு நேராக ரொங்கோவின் உதை.

செமாராங்கைத் தாண்டாத மனிதர் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"அங்க இருக்கிறவங்களுக்கு மாட்டைப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது பாக்."

"சொல்ல வேணாமா?" கோபமாகவே கேட்டார். "பேரு ரொங்கோ. பாலத்துத் திருப்பத்துல. எழுதிப் போடு."

"போடுறேன் பாக்."

"சரி." முழங்காலைத் தட்டினார். "வேலைதான் பாக்குறே. என்ன வேலைன்னு இன்னும் எனக்குப் புரியல, ஆனா வேலை. நாளைக்கு வரலாம்னு சொல்லியிருப்பேன்." அம்மா பக்கம் திரும்பினார். "ஆனா ஊரு வாயை நான் எப்படி அடைக்கிறது? பேய்க் கதையெல்லாம் விடுங்க. அந்தக் குட்டி ஜட்டி யாரோடது? அதை மட்டும் சொல்லுங்க. என் பொண்டாட்டி அதைத்தான் கேப்பா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அண்ணனும் என்னைப் பார்க்கவில்லை. கணினியின் ஓரத்தில் இருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான்தான்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நான்தான் போட்டேன். அண்ணன் கடவுச்சொல்லை மாத்திட்டான். அதுக்காக. விளையாட்டுக்கு."

அம்மா துடைப்பத்தைத் தேடினாள். பாக் ஜுமாடி கையை உயர்த்தினார். "இதுவும் விளையாட்டு இல்லேன்னு என்ன நிச்சயம்? இவதானே போன பெருநாளுக்கு என் வண்டி ஹாரனை ஆடு கத்துற மாதிரி மாத்துனவ?"

அதுவும் நான்தான். என்ன சொல்வேன்? நூறு பொய்யை நம்பவைத்த எனக்கு ஒரு உண்மையை நம்பவைக்கத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தபோது இன்னும் வந்தது.

"ஜட்டில இடது பக்கம் ஒரு வாத்து தைச்சிருக்கும் பாக்," என்றான் அண்ணன். "பச்சை நூல். அம்மா தைச்சது. அது என்னோடது. எனக்கு ரெண்டு வயசுல."

நான் ஓடிப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்திருந்ததை எடுத்து வந்தேன். வாத்து இருந்தது. அம்மா அதை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துடைப்பத்தை மறந்துவிட்டாள்.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொடியில பாத்த அன்னைக்கே."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு தெரியும். லேட்டாகும்னும் தெரியும்." உட்கார்ந்து 'ஜி' எழுத்தைத் திரும்பத் திறந்தான். "இவ்வளவு லேட்டாகும்னு நினைக்கல."

பாக் ஜுமாடி சிரித்தார். சிரித்த குலுக்கலில் சட்டைப் பையிலிருந்து நண்டு வெளியே விழுந்து விசைப்பலகை மேல் ஓடியது. திரையில் நாலு வரி தாறுமாறாக எழுத்து வந்தது. அதுதான் அன்று அந்த அறையில் மிக வேகமாக நடந்த வேலை.

போகும்போது எனக்குத் தீர்ப்பும் சொன்னார். எண்பது வீட்டுக்கும் நானே போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று வாத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். கட்டிலடி நண்டை வாங்கி ஓடையில் விட வேண்டும். சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

முடித்தேன். சிலர் திட்டினார்கள், சிலர் கதவிலேயே சாய்ந்து சிரித்தார்கள். கஸ்மி அக்கா மட்டும் தன் நண்டைத் தர மறுத்தாள். பழகிவிட்டதாம். எங்கள் வீடும் அவள் வீடும் போக எழுபத்தெட்டு நண்டும் தண்ணீரில் இறங்கினதும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

புதன்கிழமை போனோம். ஒட்டிக்கொண்டால் விடாத ஜாடா பலகாரம் ஒரு தட்டு, வாழைத்தார் ஒன்று. அம்மா பேச வேண்டியதைப் பேசினாள். இஸ்தி அக்கா திரைக்குப் பின்னால் இருந்து "சரி" என்றாள். கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவள் அம்மா தொடையில் கிள்ளினாள்.

சாப்பாடு முடிந்ததும் பாக் ஜுமாடி அண்ணனை லாரிக்குப் பின்னால் கூட்டிப்போனார். நானும் போனேன். பின்கதவுக்குப் புதுப் பலகை போட்டு, நீலம் அடித்து, வெறுமையாக வைத்திருந்தார்.

"இதுல பேரு எழுது. ரொங்கோ. பெருசா. அந்தக் கால் வெச்ச எழுத்துலயே எழுது."

அண்ணன் பலகையைத் தடவிப் பார்த்தான். "தேய்ஞ்ச மாதிரியா பாக்?"

"அடிச்சேன்னா!" என்றார். "பளபளன்னு புதுசா எழுதுடா. பழசாக்குற வேலைய வண்டி பாத்துக்கும்."

அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தான். பலகையில் கோடு போடுவதற்கு ஒரு நூல் வேண்டும் என்றான். நூலின் ஒரு முனையை அவன் பிடித்தான். மறுமுனையைப் பிடிக்க இஸ்தி அக்கா வருவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். அவள் வந்ததும் கொடுத்துவிட்டு, ஹாரனைச் சரி செய்யப் போனேன்.